ஸ்பிரிங்ஸ்டீன் டிக்கெட்: 60 டாலருக்கும் 5,000 டாலருக்கும் நடுவில்

2022 ஜூலை 20. அமெரிக்காவில் ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் கச்சேரிகளுக்கு டிக்கெட் விற்பனை தொடங்கிய நாள். அவரும் அவருடைய ஈ ஸ்ட்ரீட் பேண்டும் சேர்ந்து சுற்றுப்பயணம் போய் ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நடுவில் கொரோனா வேறு. ரசிகர்கள் முன்கூட்டியே பெயர் பதிவு செய்து, "சரிபார்க்கப்பட்ட ரசிகர்" என்று தேர்வாகி, போனில் வந்த குறியீட்டை வைத்துக்கொண்டு டிக்கெட்மாஸ்டர் தளத்தில் காத்திருந்தார்கள்.

அந்தக் காத்திருப்பை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். திரையில் ஒரு கோடு. அதில் ஒரு குட்டி மனித உருவம் நடந்து போகும். "உங்களுக்கு முன்னால் 2,000க்கும் மேற்பட்டோர்" என்று எழுதியிருக்கும். பக்கத்தைப் புதுப்பிக்கக் கூடாது, பின்னால் போகக் கூடாது, வீட்டில் வைஃபை போய்விடக் கூடாது. ஒருவழியாக உள்ளே போனால் அரங்கத்தின் வரைபடம் திறக்கும். காலி இருக்கைகள் நீலப் புள்ளிகளாகத் தெரியும். ஒன்றைத் தொட்டால் விலை வரும். யோசிப்பதற்குள் அந்தப் புள்ளி மறைந்துவிடும், வேறொருவர் எடுத்திருப்பார். அடுத்த புள்ளியைத் தொட்டால், அதே வரிசையில் பக்கத்து இருக்கைதான், விலை மட்டும் வேறு. அன்றைக்கு அந்தப் புள்ளிகளில் சிலவற்றின் விலை ஆயிரம் டாலரைத் தாண்டியது. 4,000, 5,000 டாலர் என்று காட்டிய இருக்கைகளின் படங்கள் அன்று மாலைக்குள் எல்லா இடத்திலும் பரவிவிட்டன.

இதைவிட அதிக விலைக்கும் டிக்கெட் விற்ற பாடகர்கள் இருக்கிறார்கள். ஆனால் இவர் ஸ்பிரிங்ஸ்டீன் என்பதால்தான் அடி அவ்வளவு பலமாக விழுந்தது. 1949இல் நியூ ஜெர்ஸியில் பிறந்தவர். அப்பா பஸ் ஓட்டியிருக்கிறார், ஆலையில் வேலை பார்த்திருக்கிறார். மகன் ஐம்பது வருஷமாக மூடிப்போன ஆலைகளையும் வேலை போனவர்களையும் பற்றிப் பாடி வந்தவர். மேடையில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் பாடுவார் என்பது அவருடைய பெயரோடு ஒட்டிய விஷயம். 2012இல் ஹெல்சின்கியில் 4 மணி 6 நிமிடம் பாடினார். இந்தியாவுக்கும் ஒரு முறை வந்திருக்கிறார். 1988 செப்டம்பர் 30 அன்று டெல்லி ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில், ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் நடத்திய மனித உரிமைக் கச்சேரியில் ஸ்டிங், பீட்டர் கேப்ரியல், டிரேசி சாப்மன், யூசு என்டூர் ஆகியோரோடு மேடை ஏறினார். கொடுக்கிற காசுக்கு மேல் கொடுத்து அனுப்புகிறவர் என்றே ரசிகர்கள் அவரை நம்பினார்கள்.

அந்த 5,000 டாலர் எங்கிருந்து வந்தது, யாருக்குப் போனது என்பதைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் கோபத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

நம் ஊரில் "பிளாக்கில் டிக்கெட்" என்றால் எல்லோருக்கும் தெரியும். பெரிய நடிகரின் படம் வெளியாகும் நாளில் கவுன்டரில் ஒரு விலை, தியேட்டர் வாசலில் காதோரம் கிசுகிசுக்கிற இன்னொரு விலை. இரண்டுக்கும் நடுவில் ஒரு தொகை இருக்கிறதல்லவா, அதைப் பற்றியதுதான் இந்த முழுக் கதையும். 100 டாலருக்கு ஒரு இருக்கையை விற்கிறார்கள். அதற்கு 600 டாலர் கொடுக்கவும் ஒருவர் தயார் என்றால், நடுவில் 500 டாலர் கிடக்கிறது. கவுன்டர் விலைக்கு வாங்கிய ரசிகர் தானே போய்ப் பார்த்தால் அந்த 500 டாலரின் பலன் அவருக்கு. பிளாக்கில் விற்கிறவர் கையில் டிக்கெட் சிக்கினால் அவருக்கு. கவுன்டர் விலையையே 600 ஆக்கிவிட்டால் பாடகருக்கு. அந்த ஜூலையில் நடந்தது இந்த மூன்றாவது.

அதற்கு அவர்கள் வைத்த பெயர் பிளாட்டினம் டிக்கெட். பெயரைக் கேட்டால் ஏதோ தனிச் சலுகை இருப்பதுபோல் தோன்றும். மேடைக்குப் பின்னால் போய்ப் பாடகரைப் பார்க்கலாம், சாப்பாடு உண்டு, டிஷர்ட் உண்டு என்றெல்லாம் எதுவும் கிடையாது. சாதாரண இருக்கைதான். கேட்கிறவர்கள் கூடக்கூட விலை ஏறும், குறைந்தால் இறங்கும். விமான டிக்கெட்டிலும் ஹோட்டல் அறையிலும் நாம் பழகிய அதே டைனமிக் பிரைசிங். மதுரைக்கு இன்றைய விமானம் விலை அதிகம் என்றால் நாளைக்குப் போகலாம், இல்லையென்றால் ரயிலில் போகலாம். எழுபது கடந்த ஒரு பாடகர் நம் ஊருக்கு ஒரே ஒரு இரவு வருகிறார் என்றால் அதற்கு என்ன மாற்று? விமானத்தோடு இதை ஒப்பிடுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கூச்சல் பெரிதானதும் டிக்கெட்மாஸ்டர் சில எண்களை வெளியிட்டது. 88.2 சதவீத டிக்கெட்டுகள் நிலையான விலையில்தான் விற்றன; அந்த விலை, கட்டணங்கள் சேர்க்காமல், 59.50 டாலரிலிருந்து 399 டாலர் வரை. மீதி 11.8 சதவீதம் மட்டுமே பிளாட்டினம். விற்ற டிக்கெட்டுகளின் சராசரி விலை 262 டாலர். பாதிக்கு மேல், அதாவது 56 சதவீதம், 200 டாலருக்குக் கீழே. ஆயிரம் டாலருக்கு மேல் போனவை வெறும் 1.3 சதவீதம். மேலாளர் ஜான் லாண்டாவும் இதையே சொன்னார்: இன்றைக்கு இருக்கும் விலைகளோடு ஒப்பிட்டால், தன் தலைமுறையின் மிகச் சிறந்த கலைஞர்களில் ஒருவரைப் பார்க்க இது நியாயமான விலைதான் என்று.

இந்த எண்களை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு 262 என்ற சராசரி தெரியாது. அவர் உள்ளே போகும்போது நிலையான விலை இருக்கைகள் தீர்ந்திருக்கும். அவர் கண்ணுக்குத் தெரிவது மிச்சமிருக்கும் நீலப் புள்ளிகள் மட்டும்தான். மிச்சமிருப்பவை பெரும்பாலும் விலை ஏறியவையாகத்தான் இருக்கும், ஏனென்றால் மலிவானவை முதலில் போய்விடும். அரை மணி நேரம் கழித்து உள்ளே போன ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்த 11.8 சதவீதம்தான் முழு அரங்கமாகத் தெரிந்தது. என்ன விலைக்கு எத்தனை இருக்கை என்று விற்பனைக்கு முந்தின நாளே சொல்லியிருந்தால் பாதிக் கோபம் வந்திருக்காது என்று நினைக்கிறேன். பதிவு செய்தபோதும் சொல்லவில்லை, குறியீடு அனுப்பியபோதும் சொல்லவில்லை.

இதில் மனதைத் தைக்கிற விஷயம் ஒன்று உண்டு. அதற்கு 2009க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் ஸ்பிரிங்ஸ்டீன் கச்சேரிகளுக்கு டிக்கெட் வாங்க வந்தவர்களை டிக்கெட்மாஸ்டர் தளம் டிக்கெட்ஸ்நவ் என்ற மறுவிற்பனைத் தளத்துக்குத் தள்ளிவிட்டது. அதுவும் டிக்கெட்மாஸ்டருக்குச் சொந்தமானதுதான். முதல் விற்பனை நடந்துகொண்டிருக்கும்போதே, பக்கத்துக் கடையில் பல மடங்கு விலைக்கு அதே கச்சேரி டிக்கெட். ஸ்பிரிங்ஸ்டீனும் அவர் குழுவும் கொதித்துப்போய் வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள். அப்போதுதான் டிக்கெட்மாஸ்டரும், கச்சேரிகளை நடத்தும் லைவ் நேஷனும் இணையப்போவதாகச் செய்தி வந்திருந்தது. ரசிகர்களின் நிலைமையை இதைவிட மோசமாக்கக்கூடிய ஒன்று இருக்கிறதென்றால் அது இந்த இணைப்புதான் என்று அந்தக் கடிதத்தில் எழுதினார்கள். டிக்கெட்மாஸ்டரின் தலைவராக இருந்த இர்விங் அஸாஃப் மன்னிப்புக் கேட்டார். மறு ஆண்டு அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் தலையிட்டு, 14 கச்சேரிகளுக்கு அப்படி வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்க ஏற்பாடு செய்தது. நியூ ஜெர்ஸி நாடாளுமன்ற உறுப்பினர் பில் பாஸ்க்ரெல் ஒரு மசோதாவே கொண்டுவந்தார். அதன் பெயரின் சுருக்கம் "பாஸ்" என்று வரும்படி வைத்தார், ஸ்பிரிங்ஸ்டீனை ரசிகர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். மசோதா சட்டமாகவில்லை. ஸ்பிரிங்ஸ்டீன் எதிர்த்த அந்த இணைப்பு 2010இல் நடந்தது. 2022இல் தன் ரசிகர்களை அவர் அனுப்பி வைத்தது அதே நிறுவனத்தின் வரிசைக்குத்தான்.

வேறு எங்கே அனுப்ப முடியும் என்று கேட்டால், அதுவும் நியாயமான கேள்விதான். இந்தத் தொழில் எப்படி இந்த இடத்துக்கு வந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

டிக்கெட்மாஸ்டர் 1976இல் அரிசோனாவில் தொடங்கிய சின்ன நிறுவனம். கணினியில் டிக்கெட் விற்கும் மென்பொருள்தான் அதன் சரக்கு. 1982இல் ஃபிரெட் ரோசன் என்ற வழக்கறிஞர் தலைமைக்கு வந்தார். அதுவரை அரங்கங்கள்தான் டிக்கெட் விற்றுத் தரும் நிறுவனத்துக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தன. ரோசன் அதைத் தலைகீழாக மாற்றினார். டிக்கெட் வாங்குகிறவரிடம் சேவைக் கட்டணம் வாங்குவது, அதில் ஒரு பங்கை அரங்கத்துக்கே கொடுப்பது, பதிலுக்கு அந்த அரங்கத்தின் எல்லா டிக்கெட்டுகளையும் தாங்கள் மட்டுமே விற்க வேண்டும் என்று பல வருஷ ஒப்பந்தம் போடுவது. செலவாக இருந்தது அரங்கத்துக்கு வரவாக மாறியது. எந்த அரங்கம் வேண்டாம் என்று சொல்லும்? 1991இல் பழைய போட்டி நிறுவனமான டிக்கெட்ரானையும் வாங்கிவிட்டார்கள்.

இதனால்தான் பாடகர் தனக்குப் பிடித்த டிக்கெட் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க முடியாமல் போகிறது. அரங்கம் எந்த நிறுவனத்தோடு கையெழுத்துப் போட்டிருக்கிறதோ அதன் வழியாகத்தான் விற்க வேண்டும். 1994இல் பேர்ள் ஜாம் குழு இதோடு மோதிப் பார்த்தது. டிக்கெட் 18 டாலர், சேவைக் கட்டணம் 1.80 டாலருக்கு மேல் கூடாது என்று கேட்டார்கள். முடியாது என்றதும் அமெரிக்க அரசின் நீதித்துறையிடம் புகார் கொடுத்தார்கள். குழுவில் இரண்டு பேர் நாடாளுமன்றக் குழுவின் முன்னால் சாட்சியும் சொன்னார்கள். டிக்கெட்மாஸ்டர் இல்லாத இடங்களாகத் தேடிக் கச்சேரி வைக்கப் பார்த்து அலைந்தார்கள். 1995இல் நீதித்துறை விசாரணையை மூடிவிட்டது. அன்றைக்கு உலகத்திலேயே அதிகம் விற்கும் ராக் குழுக்களில் ஒன்றாக இருந்தும் அவர்களால் அசைக்க முடியவில்லை.

இணைப்புக்குப் பிறகு நிலைமை இன்னும் இறுகியது. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை லைவ் நேஷன் மீது ஏகபோக வழக்குத் தொடுத்தபோது சொன்ன கணக்கு இது: பெரிய அரங்கங்களின் முதல் விற்பனையில் 80 சதவீதம் அல்லது அதற்கு மேல் டிக்கெட்மாஸ்டர் கையில். அந்த அரங்கங்களில் நடக்கும் கச்சேரிகளை ஏற்பாடு செய்வதில் சுமார் 60 சதவீதம் லைவ் நேஷன் கையில். வட அமெரிக்காவில் 265க்கும் மேற்பட்ட அரங்கங்கள் அவர்களுக்குச் சொந்தம் அல்லது கட்டுப்பாட்டில். 400க்கும் மேற்பட்ட கலைஞர்களுக்கு மேலாளர்களும் அவர்களே. தாங்கள் ஏகபோகம் இல்லை, டிக்கெட் விலையை உயர்த்துவது தாங்கள் இல்லை என்பது நிறுவனத்தின் பதில்.

விலையைத் தீர்மானிப்பது கலைஞர் தரப்புதான் என்று அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பிளாட்டினம் வேண்டுமா வேண்டாமா, எத்தனை இருக்கை, எல்லாம் பாடகரின் ஒப்புதலோடுதான் நடக்கும். ரசிகரின் திட்டு முழுவதும் டிக்கெட் நிறுவனத்துக்குப் போகும். பாடகரின் பெயர் அவ்வளவாகக் கெடாது. இப்படித் திட்டு வாங்கிக்கொள்வதும் அந்த நிறுவனம் கலைஞருக்குத் தரும் சேவைகளில் ஒன்று என்றே சொல்லலாம்.

பொதுமக்களுக்கு எத்தனை டிக்கெட் வருகிறது என்பதும் வெளியே தெரியாத கணக்கு. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் 2016இல் ஆராய்ந்து பார்த்தது. சராசரியாக 54 சதவீத டிக்கெட்டுகள் பொது விற்பனைக்கே வருவதில்லை. 16 சதவீதம் கலைஞர், அரங்கம், ஏற்பாட்டாளர் ஆகியோரின் ஆட்களுக்கு ஒதுக்கியவை. 38 சதவீதம் குறிப்பிட்ட கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் ரசிகர் மன்றங்களுக்கும் முன்விற்பனையில் போனவை. அப்புறம் கட்டணங்கள். 2018இல் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு பார்த்தபோது முதல் விற்பனையில் டிக்கெட் விலையின் மேல் சராசரியாக 27 சதவீதமும், மறுவிற்பனையில் 31 சதவீதமும் கட்டணமாக ஏறியிருந்தது.

சரி, பாடகர் ஏன் இதற்குச் சம்மதிக்கிறார்? குறிப்பாக, பணத்துக்குக் குறைவே இல்லாத மூத்தவர்கள்?

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் ஆலன் க்ரூகர் இதைப் பல வருஷம் ஆராய்ந்தவர். இசைத்தட்டு விற்ற காலத்தில் கச்சேரி என்பது தட்டுக்கு விளம்பரம். டிக்கெட் மலிவாக இருந்தால் நிறையப் பேர் வருவார்கள், வந்தவர்கள் மறுநாள் கடைக்குப் போய்த் தட்டு வாங்குவார்கள். 1999இல் நாப்ஸ்டர் என்ற இணையச் சேவை வந்து பாட்டு இலவசமாகக் கிடைக்க ஆரம்பித்ததும் அந்தக் கணக்கு உடைந்தது. இசை இனி குழாய்த் தண்ணீர் மாதிரி, மின்சாரம் மாதிரி ஆகிவிடும், மிச்சமிருக்கப்போவது கச்சேரி மட்டுமே, ஊர் ஊராகப் போகத் தயாராகிக்கொள்ளுங்கள் என்று பாடகர் டேவிட் போவி 2002இலேயே சொன்னார். அதே போலத்தான் ஆனது. அதோடு கச்சேரி வருமானம் சிலரிடம் குவியவும் செய்தது: க்ரூகரின் கணக்குப்படி 1982இல் மொத்த டிக்கெட் வருமானத்தில் 26 சதவீதம் உச்சியில் இருந்த 1 சதவீதக் கலைஞர்களுக்குப் போனது; 2003இல் அது 56 சதவீதம்.

மூத்த ராக் கலைஞர்கள் விஷயத்தில் இன்னும் இரண்டு காரணங்கள் சேர்கின்றன. அவர்களோடு வளர்ந்த ரசிகர்களுக்கும் வயதாகிவிட்டது; பிள்ளைகளைப் படிக்க வைத்து முடித்து, கையில் கொஞ்சம் காசு உள்ளவர்கள் அவர்களில் நிறைய. கூடவே, இதுதான் கடைசித் தடவையாக இருக்குமோ என்ற பயம். ஈ ஸ்ட்ரீட் பேண்டிலேயே டேனி ஃபெடரிசி 2008இலும், சாக்ஸஃபோன் வாசித்த கிளாரன்ஸ் கிளெமன்ஸ் 2011இலும் போய்விட்டார்கள். இப்போது அந்த இடத்தில் நின்று வாசிப்பவர் கிளாரன்ஸின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளை ஜேக். 2023 செப்டம்பரில் ஸ்பிரிங்ஸ்டீனுக்கு வயிற்றுப்புண் கடுமையாகி, அந்த ஆண்டின் மீதிக் கச்சேரிகள் எல்லாம் 2024க்குத் தள்ளிப்போயின. டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்த ரசிகர்களுக்கு அப்போது கவலை டிக்கெட்டைப் பற்றியதாக இருந்திருக்காது. அந்தப் பயம்தான் நீலப் புள்ளியின் விலையை ஏற்றுகிறது. அன்பிலிருந்து வரும் பயத்தை இப்படிக் காசாக்குவது எனக்கு உறுத்துகிறது.

ஸ்பிரிங்ஸ்டீன் 2022 நவம்பரில் ஒரு பத்திரிகைப் பேட்டியில் மனம் விட்டே பேசினார். வழக்கமாக, மற்றவர்கள் என்ன விலை வைக்கிறார்கள் என்று பார்த்து அதைவிடக் கொஞ்சம் குறைவாக வையுங்கள் என்றுதான் தன் ஆட்களிடம் சொல்வாராம். இந்த முறை, எங்களுக்கும் 73 வயதாகிவிட்டது, என் சகாக்கள் செய்வதையே நானும் செய்கிறேன் என்று சொன்னாராம். எப்படியும் அந்தப் பணம் பிளாக்கில் விற்கிற இடைத்தரகருக்குப் போகப்போகிறது. மேடையில் மூன்று மணி நேரம் வியர்வை சிந்துகிறவர்களுக்கு அது ஏன் வரக் கூடாது? இதுதான் அவருடைய வாதம். கச்சேரி முடிந்து போகும்போது குறை இருந்தால் காசைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

வாதம் வலுவானதுதான். தரகருக்கும் பாடகருக்கும் இடையில் என்றால் எல்லோரும் பாடகர் பக்கம்தான் நிற்பார்கள். ஆனால் முன்னால் சொன்ன மூன்று பேரில் ஒருவர் இந்தக் கணக்கிலிருந்து விழுந்துவிட்டார். நடுவில் கிடக்கும் அந்த 500 டாலர் ரசிகரிடமே இருக்கலாம் என்ற வழியைப் பற்றி அவர் பேசவில்லை. முப்பது நாற்பது வருஷம் அவர் அதைத்தான் செய்து வந்தார். அந்தச் சலுகையைத்தான் ரசிகர்கள் அன்பாக எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். தன் பாடல் உரிமைகளையும் ஒலிப்பதிவுகளையும் 2021 கடைசியில் சோனி நிறுவனத்துக்குச் சுமார் 50 கோடி டாலருக்கு விற்றதாகச் செய்தி வந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம் அது.

அந்த அன்பில் விழுந்த விரிசலுக்கு ஒரு சாட்சி பேக்ஸ்ட்ரீட்ஸ். 1980இல் சார்ல்ஸ் கிராஸ் என்ற ரசிகர் சியாட்டிலில் தொடங்கிய பத்திரிகை அது. ஸ்பிரிங்ஸ்டீன் எந்த ஊரில் எந்தப் பாட்டை எந்த வரிசையில் பாடினார் என்று 43 வருஷம் பதிந்து வைத்தவர்கள். 2023 பிப்ரவரி 1 அன்று டாம்பாவில் சுற்றுப்பயணம் தொடங்கியது. அதே வாரத்தில் பத்திரிகையை மூடுவதாக ஆசிரியர் கிறிஸ்டோபர் பிலிப்ஸ் அறிவித்தார். தங்கள் வாசகர்களில் பலர் விலையால் உள்ளே போக முடியாத ஒரு சுற்றுப்பயணத்தைப் பழைய உற்சாகத்தோடு எழுத முடியவில்லை என்பதே அவர் சொன்னதன் சாரம். வசைபாடவில்லை. ஸ்பிரிங்ஸ்டீனின் இசை மீது மரியாதை குறையாமலேயே எழுதிவிட்டு விலகினார். அதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்துப் போனது.

வேறு வழி இருந்ததா என்ற கேள்விக்கு அடுத்த மாதமே பதில் வந்தது. இங்கிலாந்தின் தி கியூர் குழு, இவர்களும் 1970களிலிருந்து பாடுகிறவர்கள்தான், 2023 மார்ச்சில் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு டிக்கெட் விற்றது. விற்றது அதே டிக்கெட்மாஸ்டர் வழியாக. பாடகர் ராபர்ட் ஸ்மித் பிளாட்டினம் வேண்டாம், டைனமிக் பிரைசிங் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சட்டம் இடம் கொடுத்த மாநிலங்களில் டிக்கெட்டை வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியாதபடி செய்தார். வர முடியாதவர்கள் வாங்கிய விலைக்கே திருப்பி விற்கலாம். நியூயார்க், இல்லினாய், கொலராடோ ஆகிய மூன்று மாநிலங்களில் மட்டும் மறுவிற்பனையைத் தடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. சில இருக்கைகளுக்கு விலை 20 டாலர்தான்.

அப்போது ஒரு ரசிகரின் பில் பரவியது. 20 டாலர் வீதம் நான்கு டிக்கெட், 80 டாலர். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் சேவைக் கட்டணம் 11.65 டாலர். ஒவ்வொன்றுக்கும் அரங்கக் கட்டணம் 10 டாலர். மொத்த ஆர்டருக்குச் செயலாக்கக் கட்டணம் 5.50. கூட்டினால் 172.10 டாலர். டிக்கெட்டைவிடக் கட்டணம் அதிகம். ஸ்மித் இதைப் பார்த்து, எனக்கும் உங்களைப் போலவே குமட்டுகிறது என்று எழுதிவிட்டு நிறுவனத்தோடு மல்லுக்கட்டினார். மலிவு டிக்கெட் வாங்கிய சரிபார்க்கப்பட்ட ரசிகர்களுக்கு டிக்கெட்டுக்கு 10 டாலரும் மற்றவர்களுக்கு 5 டாலரும் திரும்பி வந்தன. போலிக் கணக்குகளில் வாங்கியும் மறுவிற்பனைக்குப் போட்டும் சிக்கிய ஏறக்குறைய 7,000 டிக்கெட்டுகளை ரத்து செய்து ரசிகர்களுக்கே விற்றார்கள். பத்து டாலர் சின்னத் தொகைதான். ஆனால் ஒரு பாடகர் ரசிகர்களுக்காக உட்கார்ந்து பில்லைப் படித்தார் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

ஸ்மித் வழியில் இன்னொருவரும் வந்தார். நீல் யங்குக்கு ஸ்பிரிங்ஸ்டீனைவிட நான்கு வயது கூட. பிளாட்டினம் பணம் தனக்குத்தான் வந்தது, அது சரியாகப் படவில்லை, இனித் தன் கச்சேரிகளில் அது இருக்காது என்று 2025இல் அறிவித்தார். ஸ்மித்தின் பேட்டியைப் படித்துத்தான் இந்த முடிவுக்கு வந்ததாகவும் சொன்னார். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்கு விலை குறைப்பதில் பெயர் கிடையாது. ஆனால் அவர்களிடமும் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. அதிர்ஷ்ட டிக்கெட் என்று கொஞ்சம் மலிவாக விற்பார்கள். எந்த இருக்கை என்று கச்சேரி நாளில் அடையாள அட்டையைக் காட்டி வாங்கும்போதுதான் தெரியும். வாங்கியவுடன் நேராக உள்ளே போய்விட வேண்டும். கூரைக்குப் பக்கத்து மூலையாகவும் இருக்கலாம், மேடைக்கு முன்னாலும் இருக்கலாம். வாங்கி விற்கிறவருக்கு இதில் வேலையே இல்லை. ஸ்பிரிங்ஸ்டீனும் முன்பு இப்படிச் செய்தவர்தான். 2017, 2018இல் நியூயார்க்கின் நாடகத் தெருவான பிராட்வேயில் ஆயிரம் பேருக்கும் குறைவாகக் கொள்ளும் சிறு அரங்கில் 236 முறை தனியாகப் பாடியபோது, ஒவ்வொரு காட்சிக்கும் 26 இருக்கைகளைக் குலுக்கல் போட்டு 75 டாலருக்குக் கொடுத்தார். மற்ற இருக்கைகள் 850 டாலர் வரை போன அதே அரங்கில்.

சட்டம் மெதுவாகத்தான் வருகிறது. தானியங்கி மென்பொருள் வைத்து மொத்தமாக அள்ளுவதை அமெரிக்கா 2016இலேயே தடை செய்தது. 2025 மே 12 முதல், கட்டணம் உட்பட மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற விதி அமலில் இருக்கிறது. 20 டாலர் என்று கூப்பிட்டுக் கடைசிப் பக்கத்தில் 43 டாலர் கேட்பது இனி முடியாது. ஆனால் அந்த 43 டாலர் அப்படியேதான் இருக்கும். முன்னாலேயே தெரிந்துவிடும், அவ்வளவுதான். பிரிட்டனில் 2024 ஆகஸ்டில் ஒயாசிஸ் குழு டிக்கெட் விற்றபோது, நின்று பார்க்கும் இடத்துக்கு 148.50 பவுண்டு என்று நம்பி மணிக்கணக்கில் கியூவில் நின்றவர்கள் உள்ளே போனபோது விலை 355.20 ஆகியிருந்தது. அங்குள்ள போட்டி ஆணையம் விசாரித்ததில் ஒரு விஷயம் தெரிந்தது. கணினி நொடிக்கு நொடி விலையை ஏற்றவில்லை. ஒரே இடத்துக்கு இரண்டு விலை வைத்து, மலிவானது தீர்ந்ததும் மற்றதை விற்றிருக்கிறார்கள். கியூவில் நின்றவர்களிடம் அதைச் சொல்லவில்லை. மறைத்ததுதான் அங்கேயும் சிக்கலாக நின்றது. பிறகு 2025 நவம்பரில், வாங்கிய விலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதையே தடை செய்யப்போவதாக பிரிட்டன் அரசு அறிவித்தது. தரகரின் பங்கு அப்படி இல்லாமல் போனால், எப்படியும் தரகருக்குத்தானே போகிறது என்ற வாதமும் கூடவே போய்விடும்.

ஸ்பிரிங்ஸ்டீன் ரசிகர்களுக்கு இதெல்லாம் வருவதற்கு முன்பே தெரிந்த ஒரு வழி உண்டு. கச்சேரிக்காக மேடை, ஒலிபெருக்கி, கேமரா எல்லாம் எங்கே வரும் என்று உறுதியாகும் வரை சில இருக்கைகளை விற்காமல் நிறுத்தி வைப்பார்கள். குழுவின் விருந்தினர்களுக்கென்று ஒதுக்கியதிலும் மிச்சம் இருக்கும். கச்சேரிக்கு ஓரிரு நாள் முன்போ, அன்றைக்கு மதியமோ அவற்றை முன்னறிவிப்பு இல்லாமல் விடுவார்கள், பெரும்பாலும் ஆரம்ப விலைக்கே. ரசிகர்கள் ஒருவருக்கொருவர் தகவல் சொல்லிக்கொள்வார்கள்: இப்போது பார், மேடைக்கு இடது பக்கம் இரண்டு வந்திருக்கிறது. நானும் ஒரு பழைய பாடகரின் கச்சேரிக்காக ஒரு மாலை இப்படி அரங்கத்துக்கு வெளியே காரில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். காலையில் நான்கு இலக்கத்தில் இருந்த வரிசையில், ஆறு மணி சுமாருக்கு மூன்று இலக்கத்தில் ஒரே ஒரு நீலப் புள்ளி முளைத்தது. கார்டு எண் மனப்பாடமாக இருந்தது நல்லதாகப் போயிற்று. உள்ளே போனபோது பக்கத்து இருக்கையில் ஒரு வயதான அம்மா கணவரின் பழைய கச்சேரி டிஷர்ட்டைப் போட்டுக்கொண்டு தனியாக வந்திருந்தார். என்ன விலைக்கு வாங்கினாய் என்று கேட்டார். சொன்னேன். தான் கொடுத்ததை அவர் சொல்லவில்லை; என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு மேடையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். விளக்குகள் அணைந்தன.